'கார்' என்பதில் ர் எங்கே போனது?

கேள்வி இதுதான்: "என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கட்டுரையில் 'கலர்' என்ற சொல்லை 'யு' இல்லாமல் எழுதியதற்கு ஆசிரியை அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். அது அமெரிக்கர்கள் கெடுத்து வைத்த ஆங்கிலமாம். நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பியோ, 'கார்', 'பார்க்' என்பதில் ர் சொல்லாமல் விழுங்குகிற லண்டன்காரர்கள்தான் கெடுத்தவர்கள் என்கிறான். எது அசல் ஆங்கிலம்? மாற்றியது யார்?"

ர் விஷயத்தில் உங்கள் தம்பி சொல்வதுதான் வரலாறு. மாற்றியது லண்டன். ஆனால் 'கெடுத்தது' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். 'கலர்' விஷயத்தில் ஆசிரியை சொன்ன காரணம் சரியில்லை. அந்த எழுத்துக்கூட்டல் அமெரிக்கா பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தில் புழங்கியது.

முதலில் ர். 1600 வாக்கில் லண்டன் தெருவில் நடந்து போயிருந்தால், 'கார்ட்' என்றால் ர் காதில் விழுந்திருக்கும். அந்தக் காலத்து நாடக ஆசிரியர் பென் ஜான்சன் ஓர் இலக்கணமும் எழுதினார், அவர் இறந்தபின் 1640-இல் அச்சானது. சொல்லின் தொடக்கத்தில் ர் உறுதியாகவும், நடுவிலும் கடைசியிலும் கொஞ்சம் குழைந்தும் ஒலிக்கும் என்று அதில் சொல்கிறார். குழைந்தாலும் இருந்தது. இந்த ர்-ஐ நாவில் வைத்துக்கொண்டுதான் 1607-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனுக்கும் 1620-இல் அங்கேயே உள்ள பிளிமத்துக்கும் ஆட்கள் கப்பலேறினார்கள்.

அதன்பின் ஒன்றரை நூற்றாண்டில் லண்டன் நாக்கு மாறியது. 1791-இல் ஜான் வாக்கர் என்பவர் ஓர் உச்சரிப்பு அகராதி வெளியிட்டார். முன்பு நாடக நடிகர், பிறகு பேச்சுக்கலை ஆசிரியர், காது கூர்மையானவர். லண்டனில் 'பார்ட்', 'கார்ட்' போன்ற சொற்களில் ர் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது, வெறும் நீண்ட 'ஆ' மட்டும்தான் கேட்கிறது என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1788-இல், ஆஸ்திரேலியாவுக்கு முதல் கைதிக் கப்பல்கள் போய்ச் சேர்ந்திருந்தன. இன்று ஆஸ்திரேலியர் 'கா' என்கிறார், பெரும்பாலான அமெரிக்கர் 'கார்' என்கிறார். கப்பல் எந்த நூற்றாண்டில் கிளம்பியது என்பது இன்றைக்கும் பேச்சில் கேட்கிறது.

ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது, யார் கப்பலில் ஏறினார்கள் என்பதும் முக்கியம். ஸ்காட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் ர்-ஐ விடவே இல்லை. நியூசிலாந்து முழுக்க ஆஸ்திரேலியா போலத்தான் பேசும், ஆனால் அதன் தென்கோடியில் சவுத்லாந்து என்ற பகுதியில் மட்டும் ர் உண்டு, ஏனென்றால் அங்கே குடியேறியவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அதிகம். அமெரிக்காவிலும் இதே கதைதான். பென்சில்வேனியாவிலும் அப்பலாச்சியன் மலைப்பகுதியிலும் அல்ஸ்டர் ஸ்காட்டியர்கள், அதாவது வட அயர்லாந்தில் குடியேறியிருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள், வலுவான ர்-ஐக் கொண்டுவந்து போட்டார்கள். பாஸ்டன், நியூயார்க், தெற்கே சார்ல்ஸ்டன் போன்ற துறைமுகங்கள் மட்டும் லண்டனோடு வணிகமும் உறவும் வைத்திருந்ததால் அதன் புதுப் பழக்கத்தைப் பின்பற்றி ர்-ஐ விட்டன. இங்கிலாந்துக்கு உள்ளேயே பிரிஸ்டல், டெவன் பக்கம் போனால் இன்றும் ர் கேட்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. லண்டன்காரர் ர்-ஐ எல்லா இடத்திலும் விடவில்லை. அடுத்து உயிரொலி வந்தால் ர் திரும்பி வரும். 'ஃபார்' என்று தனியாகச் சொன்னால் 'ஃபா', 'ஃபார் அவே' என்றால் ர் உயிர்த்துவிடும். தலைமுறை தலைமுறையாக இதைக் கேட்டுக் கேட்டு, இரண்டு உயிர் சேரும் இடத்தில் ர் வரவேண்டும் என்பது அவர்கள் நாக்குக்கு ஒரு விதியாகவே படிந்துவிட்டது. விளைவு, எழுத்தில் ர் இல்லாத இடத்திலும் ர் முளைத்தது. 'லா அண்ட் ஆர்டர்' என்பதை லண்டனில் பலர் 'லார் அண்ட் ஆடா' என்பது போலச் சொல்வார்கள். நமக்கு இது புதிதே இல்லை. மணி, அடித்தது இரண்டும் சேர்ந்தால் 'மணியடித்தது', நடுவில் ய் வந்து உட்காரும். பள்ளியில் உடம்படுமெய் என்று படித்தோமே, அதேதான். நாம் ய், வ் போடுகிறோம், அவர்கள் ர் போடுகிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களிடம் நான் உடம்படுமெய்யைத்தான் காட்டுவேன். ஒழுங்கான விதி, நன்னூலில் சூத்திரமாக எழுதி வைக்கும் அளவுக்கு ஒழுங்கு.

சரி, ர் சொல்வது உயர்வா, விடுவது உயர்வா? ஊரையும் ஆண்டையும் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். 1933-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்ற உரையின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். நாம் அஞ்ச வேண்டியது அச்சத்துக்கு மட்டுமே என்று சொல்லும் இடத்தில் 'ஃபியர்' என்பதை 'ஃபியா' என்பார். நியூயார்க் மாநிலத்துப் பணக்காரக் குடும்பத்துப் பேச்சு அது, அன்று அதுதான் மதிப்பு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காற்று திரும்பியது. ர் சொல்வதுதான் படித்தவர் பேச்சு என்றாகிவிட்டது.

அந்தத் திருப்பத்தை ஒருவர் மிக எளிய வழியில் பிடித்தார். வில்லியம் லபோவ், அப்போது கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர். 1962 நவம்பரில் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். சாக்ஸ் பணக்காரர் கடை, மேசிஸ் நடுத்தரம், கிளைன் மலிவு விலைக் கடை. நான்காவது மாடியில் என்ன விற்கிறார்கள் என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வார். பிறகு ஒரு விற்பனையாளரிடம் போய், பெண்கள் செருப்பு எங்கே என்பது போலக் கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். அந்த இரண்டு சொல்லில் இரண்டு ர் இருக்கிறது, ஒன்று மெய்க்கு முன்னால், ஒன்று சொல்லின் கடைசியில். காதில் விழாதது போலச் சற்றுக் குனிந்து மறுபடி கேட்பார். இப்போது அவர் கொஞ்சம் நிதானமாக, அழுத்திச் சொல்வார். லபோவ் நன்றி சொல்லிவிட்டு ஓர் ஓரமாகப் போய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். இப்படி 264 பேர். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

ஒரு ர்-ஆவது சொன்னவர்கள் சாக்ஸில் சுமார் 60 சதவீதம், மேசிஸில் பாதிப்பேர், கிளைனில் ஐந்தில் ஒருவர். இத்தனைக்கும் மூன்று கடையிலும் விற்பனையாளர்கள் விற்பனையாளர்கள்தான், சாக்ஸ் ஊழியர் ஒன்றும் கோடீஸ்வரர் இல்லை. வருகிற வாடிக்கையாளரின் தரம் அவர் பேச்சில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் முறை அழுத்திச் சொல்லும்போது ர் கூடியது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எது 'நல்ல பேச்சு' என்று கிளைன் ஊழியருக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ர்-ஐ விட்டது லண்டனில் மேன்மைக்கு அடையாளம். அதே ர்-ஐ விட்டது 1962 நியூயார்க்கில் ஏழ்மைக்கு அடையாளம். ஒலி ஒன்றுதான். அதை யார் சொல்கிறார்கள் என்பதிலிருந்துதான் மதிப்பு வருகிறது. 'கெடுத்தது' என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இனி 'கலர்'. லத்தீனில் அது 'யு' இல்லாத சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'யு' ஏறியது. பிறகு பல நூற்றாண்டு இரண்டு விதமாகவும் எழுதினார்கள். 1623-இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பிலேயே 'ஆனர்' என்ற சொல் 'யு' உடனும் இருக்கிறது, 'யு' இல்லாமலும் இருக்கிறது. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் 'யு' உள்ளதைத் தேர்ந்தெடுத்தார், இங்கிலாந்து அதைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1806-இல் ஒரு சிறிய அகராதியும், 1828-இல், தன் எழுபதாவது வயதில், சுமார் 70,000 சொற்கள் கொண்ட பெரிய அகராதியும் வெளியிட்டார். புது நாட்டுக்குத் தனி எழுத்துமுறை வேண்டும் என்று நினைத்தவர் அவர். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த இரண்டில் 'யு' இல்லாததை அவர் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னதையெல்லாம் மக்கள் ஏற்கவும் இல்லை. 'விமென்' என்பதை ஒலிப்பது போலவே எழுதச் சொன்னார், ஒருவரும் எழுதவில்லை.

எழுத்து என்று வந்துவிட்டதால், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1400-லிருந்து 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் ஒலிகள் அத்தனையும் இடம் மாறின. தமிழ் எழுத்தில் இதை அழகாகக் காட்டலாம். 'ஆ' ஒரு படி ஏறி 'ஏ' ஆனது, அதனால் பழைய 'நாமெ' இன்று 'நேம்'. 'ஏ' ஏறி 'ஈ' ஆனது, பழைய 'ஃபேட்' இன்று 'ஃபீட்'. 'ஓ' ஏறி 'ஊ' ஆனது, 'மோன்' இன்று 'மூன்'. உச்சியில் இருந்த 'ஈ'க்கும் 'ஊ'வுக்கும் மேலே ஏற இடமில்லை, அவை இரண்டாக உடைந்து 'ஐ' என்றும் 'அவ்' என்றும் ஆயின. 'டீமெ' இன்று 'டைம்', 'ஹூஸ்' இன்று 'ஹவுஸ்'. எழுத்துகளின் பெயரே இதற்குச் சாட்சி. ஜெர்மன்காரரும் ஸ்பானியரும் முதல் எழுத்தை 'ஆ' என்றும், அடுத்து வரும் உயிர்களை 'ஏ', 'ஈ' என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் மட்டும் அவை 'ஏ', 'ஈ', 'ஐ'. பெயர்களும் மற்ற சொற்களோடு சேர்ந்து ஒரு படி ஏறிவிட்டன.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1476-இல், வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார். அச்சு வந்ததும் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது, ஒலி பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. 'நைட்' என்ற சொல்லில் இன்று ஒலிக்காத எழுத்தெல்லாம் ஒரு காலத்தில் ஒலித்தவைதான். நாம் 'ஐந்து' என்று எழுதிவிட்டு 'அஞ்சு' என்று சொல்வதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே அந்த இடைவெளி மிகப் பெரியது. ஏற்றம் எல்லா ஊரையும் தொடவும் இல்லை. ஸ்காட்லாந்தில் இன்றும் வீட்டை 'ஹூஸ்' என்பவர்கள் உண்டு. நியூகாசில்காரருக்கு 'டவுன்' என்பது 'டூன்'தான், அந்த ஊர்க் கால்பந்து அணிக்கே அதுதான் செல்லப் பெயர்.

எந்த ஊர்ச் சொல்லை அச்சிடுவது என்று கேக்ஸ்டனே திணறியிருக்கிறார். 1490-இல் ஒரு மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் ஒரு சம்பவம் சொல்கிறார். சில வணிகர்கள் தேம்ஸ் நதி வழியாக நெதர்லாந்துப் பக்கம் கப்பலில் போகிறார்கள். காற்று இல்லை, கப்பல் நின்றுவிட்டது. கரையேறி ஒரு வீட்டில் சாப்பிட ஏதாவது கேட்கிறார்கள். அவர்களில் ஷெஃபீல்ட் என்பவர் முட்டை வேண்டும் என்று 'எக்ஸ்' கேட்கிறார். அந்த வீட்டுப் பெண்மணி, தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார். ஷெஃபீல்டுக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்கிறார், அப்படிச் சொன்னால் புரிகிறதே என்கிறார் பெண்மணி. 'எக்' என்பது வடக்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் விட்டுப்போன சொல், 'ஐரன்' தெற்கின் பழைய ஆங்கிலச் சொல். இப்போது மனிதன் எதைத்தான் எழுதுவது, எக்ஸா, ஐரனா என்று கேக்ஸ்டன் அலுத்துக்கொள்கிறார். வந்தேறிச் சொல்தான் கடைசியில் வென்றது. அசல் ஆங்கிலம் என்று தேடிப் போனால் அதில் முட்டைக்கே அசல் சொல் இல்லை.

இழந்தவற்றில் பெரியது என்று நான் நினைப்பது 'தௌ'. நமக்கு நீ, நீங்கள் இருப்பது போல ஆங்கிலத்திலும் இரண்டு இருந்தன. 'தௌ' ஒருமை, 'யூ' பன்மை. பிறகு, நம் 'நீங்கள்' போலவே, 'யூ' மரியாதைக்கும் ஆனது. 1603-இல் சர் வால்டர் ராலி மீது ராஜத்துரோக வழக்கு. அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், அவரை வேண்டுமென்றே 'தௌ' என்று ஒருமையில் விளித்து, 'துரோகியே, உன்னை நான் நீ என்றுதான் சொல்வேன்' என்ற பொருள்பட நீதிமன்றத்திலேயே பேசினார். ஊரறிந்த பெரிய மனிதரை, முதலாம் எலிசபெத் அரசியின் செல்லப்பிள்ளையாக இருந்தவரை, சபையில் 'நீ' என்பது. அந்த அடி எவ்வளவு வலித்திருக்கும் என்பதை இன்றைய ஆங்கிலேயரைவிடத் தமிழ் பேசுகிறவர்தான் சட்டென்று உணர முடியும்.

எவரையும் தெரியாமல் அவமதித்துவிடக் கூடாது என்று எல்லாரையும் 'யூ' என்றே அழைக்கத் தொடங்கி, பொதுப்பேச்சில் 'தௌ' செத்தது. யார்க்ஷர் கிராமங்களில் 'தா' என்று கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அப்புறம் ஒரு சங்கடம். ஒருவரா பலரா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனவே ஊருக்கு ஊர் மக்களே ஒரு பன்மையைச் செய்துகொண்டார்கள். அமெரிக்கத் தெற்கில் 'யால்', அயர்லாந்திலும் லிவர்பூலிலும் 'யூஸ்', பிட்ஸ்பர்க்கில் 'யின்ஸ்'. இவற்றைப் பாமரப் பேச்சு என்று பள்ளிகள் திருத்துகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மொழியில் விழுந்த ஓர் ஓட்டையை அடைத்தவர்கள் அவர்கள்.

அமெரிக்கர்கள் பழசைக் காத்தவர்கள் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். 'கெட்' என்ற வினையின் 'காட்டன்' என்ற பழைய வடிவத்தையும், இலையுதிர் காலத்துக்கு 'ஃபால்' என்பதையும் காத்தார்கள், இரண்டும் இங்கிலாந்திலிருந்து போனவை. 'பாத்', 'டான்ஸ்' என்பதில் குறில் வைத்துச் சொல்வதும் பழையதுதான். லண்டனின் நீண்ட 'ஆ'வைக் கொச்சையை ஒட்டியது என்று அதே வாக்கர் எழுதியிருக்கிறார், இன்று அதுதான் உயர்ந்த உச்சரிப்பு. ஆனால் 'வாட்டர்' என்பதில் ட்-ஐத் தட்டி 'வாடர்' போல ஆக்கியது அமெரிக்கப் புதுமை. ஈழத்தில் 'உவன்', 'உது' என்று சங்ககாலச் சுட்டு இன்றும் பேச்சில் இருக்கிறது, நம்மிடம் போய்விட்டது. அதற்காக யாழ்ப்பாணத் தமிழ் மாறவே இல்லை என்று சொல்வோமா? ஒவ்வொரு ஊரும் ஒன்றைக் காக்கும், ஒன்றை விடும்.

நம் ஆங்கிலமும் அப்படித்தான். 'டு த நீட்ஃபுல்' என்று அலுவலகக் கடிதத்தில் எழுதினால் வெளிநாட்டில் விழிப்பார்கள், ஆனால் அது பழைய பிரிட்டிஷ் கடித நடை, அங்கே வழக்கொழிந்து இங்கே தங்கிவிட்டது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதில் உள்ள ஸ்டேஷன், வெள்ளைக்கார அதிகாரி பணிக்கு அமர்த்தப்பட்ட ஊர். 'பிரிபோன்' நம்மிடம் வேரூன்றிய சொல். 'போஸ்ட்போன்' இருக்கும்போது அதற்கு எதிர்ச்சொல் இருப்பதில் என்ன குறை? ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் உச்சம் என்றால், இரண்டாம் எலிசபெத் இருந்த 2022 வரை, அரசியின் ஆங்கிலம் என்பார்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஹாரிங்டனும் உடன் பணியாற்றியவர்களும் இரண்டாம் எலிசபெத்தின் கிறிஸ்துமஸ் வானொலி உரைகளை எடுத்து, 1950-களின் உயிரொலிகளையும் 1980-களின் உயிரொலிகளையும் அளந்து ஒப்பிட்டார்கள். முடிவு 2000-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பழைய மேட்டுக்குடிப் பேச்சில் 'பிளாக் ஹேட்' (கறுப்புத் தொப்பி) என்பது ஏறக்குறைய 'பிளெக் ஹெட்' போல ஒலிக்கும். முப்பது ஆண்டுகளில் அரசியின் ஒலிகள் அங்கிருந்து நகர்ந்து, சாதாரணத் தென் இங்கிலாந்து மக்களின் பேச்சை நோக்கி வந்திருந்தன. அவரைத் திருத்த யார் இருந்தார்கள்? சுற்றியிருந்த மக்களின் பேச்சு அவர் நாக்கையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

இனி உங்கள் மகள் என்ன செய்யலாம்? பள்ளி பிரிட்டிஷ் எழுத்துமுறையைப் பின்பற்றுகிறது, எனவே தேர்வில் 'யு' போடட்டும். ஒரே தாளில் ஓரிடத்தில் 'யு' போட்டு இன்னோரிடத்தில் விடுவது மட்டும் கூடாது. அமெரிக்காவில் படிக்கப் போனால் அங்கே 'யு' இல்லாமல் எழுதட்டும். ர்-ஐ எழுத்தில் உள்ளபடி எல்லா இடத்திலும் சொல்லட்டும், எடின்பரோவும் டப்ளினும் நியூ ஜெர்சியும் அப்படித்தான் சொல்கின்றன. உண்மையில் பழக வேண்டியது அசையழுத்தம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம், 'ஃபொடாகிரஃபி' என்பதில் இரண்டாம் அசையில். தமிழில் இப்படி அழுத்தத்தை இடம் மாற்றும் பழக்கம் இல்லாததால் நாம் எல்லா அசையையும் ஒரே சீராகச் சொல்லிவிடுகிறோம். அதைத் தவறவிட்டால் லண்டன்காரரும் புரியாமல் இன்னொரு தடவை கேட்பார், உங்கள் தம்பியின் பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார்.